டியூப் எரிகிறது, வெளிச்சம் போதுமா?

கேள்வி: மயிலாடுதுறையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக் கூடத்தில் நான்கு அடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், கல் போன்ற கூடு இல்லாத மென்பவள வகைகளில் கொஞ்சம் ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர் கோரல். மேலே டி5 என்ற ஒல்லி ரகத்தில் 54 வாட் டியூப் நான்கு. இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. நீலம் தினமும் 11 மணி நேரமும் வெள்ளை 7 மணி நேரமும் எரிகின்றன. மாட்டி 15 மாதம் ஆகிறது. இப்போது ஜோவாந்தஸ் தண்டை நீட்டி மேலே எக்குகிறது, லெதர் கோரல் பழுப்பாகிவிட்டது, பின்பக்கக் கண்ணாடியில் பச்சைப் பாசி. கடைக்காரர் நான்கு டியூபையும் ஒரேயடியாக மாற்றச் சொல்கிறார், மாற்றினால் கல் பவளமும் வளர்க்கலாம் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் எல்இடி போடச் சொல்கிறார். என் வீட்டுக்காரரோ, "நன்றாகத்தானே எரிகிறது, எதற்குக் காசைக் கரைக்கிறாய்?" என்கிறார். மருந்துக்கு இருப்பது போல டியூபுக்கும் காலாவதித் தேதி உண்டா? தண்ணீர் பூம்புகாரில் இருந்து கேனில் எடுத்து வருகிறோம். ஆவியாகிக் குறைவதற்கு வீட்டு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுகிறோம்.

பதில்: வணக்கம் அம்மா. சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். நீல டியூப் இரண்டுக்கும் நேரம் வந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. வெள்ளைக்கு அநேகமாக இன்னும் வரவில்லை. எதை மாற்றினாலும் ஒரே நாளில் மொத்தமாக மாற்றாதீர்கள். பாசிக்குக் காரணம் பெரும்பாலும் டியூப் இல்லை, தண்ணீர். கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது. அதற்குச் செலவு அநேகமாக ஒன்றுமே இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. அவர் கண்ணுக்கு அது நன்றாகத்தான் எரிகிறது. ஆனால் வெளிச்சத்தை அளக்கிற விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். ராத்திரி கூடத்தில் விளக்குப் போட்டால் இருநூறு, முந்நூறு லக்ஸ்தான். இரண்டிலும் நாம் செய்தித்தாள் படித்துவிடுகிறோம். பாவை சுருங்கி விரிந்து சரிக்கட்டிக்கொள்கிறது, மீதியை மூளை சரிக்கட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட கண்ணுக்கு, ஓராண்டில் கொஞ்சம் கொஞ்சமாக முப்பது சதவீதம் குறைந்த வெளிச்சம் எங்கே தெரியப்போகிறது? தினமும் பார்ப்பவருக்கு நிச்சயம் தெரியாது.

பவளத்துக்குத் தெரியும். அதன் சதைக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன; ஜூசாந்தெல்லே என்பார்கள். பவளத்தின் சாப்பாட்டில் பெரும் பங்கு அவை ஒளிச்சேர்க்கையில் செய்து கொடுப்பது. வெளிச்சம் குறைந்தால் இந்தப் பாசிகள் பெருகும், அல்லது தம்மிடம் உள்ள நிறமியைக் கூட்டிக்கொள்ளும். கிடைக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிப்பதற்கு அதுதான் வழி. அந்த நிறமி பழுப்பு. உங்கள் லெதர் கோரல் பழுப்பானதும், ஜோவாந்தஸ் தண்டு நீண்டதும் வெளிச்சக் குறைவின் அடையாளம்தான். மஷ்ரூம் பற்றி நீங்கள் ஒன்றும் குறை சொல்லவில்லை. அது நிழல் விரும்பி, இந்தக் குறைச்சலே அதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும். ஆக, வெளிச்சம் குறைந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதனால் குறைந்தது என்பதுதான் கேள்வி. டியூப் கிழடானது ஒரு காரணம் மட்டுமே.

அதனால் முதல் வேலை, துடைப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு லைட்டைத் தொட்டியில் இருந்து இறக்கி, வெளிச்சமான இடத்தில் மல்லாத்திப் பாருங்கள். அக்ரிலிக் தகடு இருந்தால் அதன் கீழ்ப்பக்கம் பால் தெளித்துக் காய்ந்த மாதிரி வெள்ளையாக இருக்கும். குமிழி வெடித்துத் தெறித்த உப்பு அது. டியூபின் மேல்பக்கமும், வெளிச்சத்தைக் கீழே திருப்பும் ரிஃப்ளெக்டர் வளைவும் தூசி படிந்து மங்கியிருக்கும். அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. தீபாவளியை ஒட்டி, சம்பாப் பயிர் வயலில் நிற்கும்போது, பச்சைத் தத்துப்பூச்சி விளக்கு விளக்காக வந்து மொய்க்குமே, அது ரிஃப்ளெக்டர் இடுக்கில் போய்ச் செத்து, டியூப் சூட்டில் வறுபட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நான் பராமரிக்கிற தொட்டிகளில் ஐப்பசி முடிந்து லைட்டைத் திறந்தால் கைப்பிடி அளவு பூச்சி வரும். பூச்சி வருகிறதே என்று தொட்டி பக்கத்தில் கொசு மருந்து, பூச்சி மருந்து எதையும் அடித்துவிடாதீர்கள். தொட்டியில் இறாலோ நண்டோ இருந்தால் அவைதான் முதலில் போகும்.

வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, உப்பைக் கரைத்து எடுங்கள். ரிஃப்ளெக்டரில் நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், கீறல் விழுந்த இடம் வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிக்கும். கடைசியில் ஆர்ஓ தண்ணீரில் ஒரு துடை துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். டியூப் முனையில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றும்போது உள்ளே பச்சை படிந்திருக்கிறதா பாருங்கள். அது செம்பு துருப்பிடித்த பச்சை. அந்த ஹோல்டரில் புது டியூப் போட்டாலும் மினுக்கும், சீக்கிரம் போகும். ஹோல்டரையே மாற்றிவிடுவது நல்லது.

துடைத்ததுமே வெளிச்சம் கணிசமாகக் கூடிவிடும். அழுக்கு எவ்வளவோ அவ்வளவு. அதனால் துடைத்த அன்றே வெள்ளை டியூபின் நேரத்தை 7 மணியில் இருந்து 5 மணியாகக் குறைத்து, மூன்று நாளைக்கு அரை மணி வீதம் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். துடைத்ததற்கே பவளம் வெளிச்சம் தாங்காமல் வெளுக்குமா என்று சிரிக்க வேண்டாம். இருட்டுக்குப் பழகிய பவளத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து கூடியது என்பதெல்லாம் தெரியாது, கூடியது மட்டும்தான் தெரியும்.

இனி உங்கள் காலாவதிக் கேள்விக்கு வருகிறேன். மருந்து அட்டையில் போட்டிருக்கும் தேதி, அந்த நாள் வரை மருந்து தன் வேலையைச் செய்யும் என்ற உத்தரவாதம். டியூப் பெட்டியில் 20,000 மணி நேரம் என்று போட்டிருப்பது அப்படிப்பட்டது இல்லை. ஒரு தொகுதி டியூபை விட்டு விட்டு எரித்துப் பார்த்து, அதில் பாதி அணைந்து போகும் வரை ஆன நேரம் அது. சாகும் நாளைச் சொல்கிறார்கள், சக்தி குறையும் நாளைச் சொல்லவில்லை. ஆபீசுக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கும் அந்தக் கணக்குப் போதும். பவளத்துக்கு டியூப் எரிந்தால் மட்டும் போதாது, எந்த நிறத்தில் எவ்வளவு எரிகிறது என்பதுதான் சேதி.

உள்ளே நடப்பது இதுதான். டியூபுக்குள் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது புற ஊதாக் கதிரைத்தான் கொடுக்கும். கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கிற பாஸ்பர் பொடி அந்தக் கதிரை வாங்கி நீலமாகவோ வெள்ளையாகவோ மாற்றித் தருகிறது. வருடக்கணக்கில் புற ஊதாவும் பாதரசமும் தாக்குவதால் அந்தப் பொடி களைத்துப் போகிறது. பொதுவாக நீலம் தருகிற பொடி முதலில் சோர்கிறது, பச்சையும் சிவப்பும் தருகிற பொடிகள் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கின்றன. ஆகவே பழைய டியூப் மங்குவதோடு நிற்காது, அதன் நிறமும் மஞ்சள் பக்கம் சாயும். பவளப் பாசிக்கு அதிகம் வேண்டியது 400 முதல் 500 நானோமீட்டர் வரையிலான நீலம். எது முதலில் வேண்டுமோ அதுவே முதலில் தேய்கிறது, நம் நேரம்.

இன்னொரு தேய்மானம் முனையில் நடக்கிறது. இழையில் பூசிய பூச்சு ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் கொஞ்சம் தெறித்துக் கண்ணாடியில் ஒட்டும். பழைய டியூபின் இரு முனையிலும் கரி பிடித்த மாதிரி கறுப்பு வளையம் தெரிகிறதே, அதுதான் இது. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் இது வேகமாக நடக்கும். கரண்ட் வந்ததும் இரண்டு மூன்று நிமிடம் தாமதித்து லைட்டைப் போடுகிற டைமர் வைத்துக்கொண்டால், வந்ததும் போவதுமாக இருக்கும் நேரத்தில் டியூப் தப்பிக்கும். கறுப்பு வளையத்தைப் பார்த்து டியூபின் ஆயுளை ஓரளவு யூகிக்கலாம். வெளிச்சத்தை யூகிக்க முடியாது. முனை வெள்ளையாக இருக்கிற டியூபும் நிறம் போயிருக்கலாம்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. பழைய காம்பாக்ட் வகை விளக்குக்கு ஆறேழு மாதம், மெட்டல் ஹாலைடு விளக்குக்கு ஏறத்தாழ ஓராண்டு, டி5க்கு 9 முதல் 12 மாதம், நல்ல காற்றோட்டம் இருந்தால் ஒன்றரை ஆண்டு. மோசமான கணக்கு இல்லை. ஆனால் மாதத்தில் சொல்வதால் ஏமாற்றிவிடும். தினமும் 6 மணி நேரம் எரிகிற டியூபுக்கும் 12 மணி நேரம் எரிகிற டியூபுக்கும் ஒரே மாதக் கணக்கா? உங்களுடையதையே எடுத்துக்கொள்வோம். 15 மாதம் என்றால் சுமார் 455 நாள். நீலம் 11 மணி வீதம் ஐயாயிரம் மணி நேரம் எரிந்திருக்கிறது. வெள்ளை 7 மணி வீதம் 3,200 மணி நேரத்தைக்கூட எட்டவில்லை. ஒரே நாளில் மாட்டிய டியூப்கள்தான், வயது மட்டும் வேறு. நான்கையும் சேர்த்து மாற்றச் சொன்ன கடைக்காரர் இதைக் கேட்டிருக்கமாட்டார்.

சரி, யூகத்தை விட்டு அளப்போம். இரண்டாவது வேலை இது. பவளம் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் வெளிச்சத்தை அளக்க பார் மீட்டர் என்ற கருவி இருக்கிறது. உங்களிடம் உள்ளது போன்ற மென்பவளத்துக்கு 50 முதல் 150 பார் போதும். ஆனால் அது விலை கூடியது, ஒரு தொட்டிக்காக வாங்கச் சொல்லமாட்டேன். ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் மீட்டர் செயலி போட்டால் ஓரளவு வேலை நடக்கும். போன் காட்டும் எண் துல்லியமானது இல்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை, ஏனென்றால் நமக்கு எண் வேண்டாம், விகிதம்தான் வேண்டும்.

நீலத்தில் ஒரு டியூப் மட்டும் வாங்குங்கள், இப்போது இருக்கும் அதே கம்பெனி, அதே வகை. பழைய நீலம் ஒன்றைக் கழற்றி அந்த இடத்தில் இதை மாட்டி, 100 மணி நேரமாவது எரிய விடுங்கள். உங்கள் கணக்குக்குப் பத்து நாள். புது டியூப் முதல் 100 மணி நேரத்தில் நிலையாக இருக்காது, அதற்குள் அளந்தால் கணக்குத் தப்பும். அதன் பிறகு ஒரு நாள் இருட்டிய பின் கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டு, லைட்டை இறக்கி இரண்டு நாற்காலிக்குக் குறுக்கே வையுங்கள். தொட்டி மேல் வைத்து அளக்க வேண்டாம், போன் உப்புத் தண்ணீரில் விழுந்தால் அந்தச் செலவுக்கு நான்கு டியூப் வந்துவிடும். நீல சுவிட்சை மட்டும் போட்டு இருபது நிமிடம் சூடேற விடுங்கள். டியூபின் நடுவுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு, போனை மல்லாக்க வையுங்கள். ஒளி உணரி, முன் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும். கோட்டின் மேல் வர வேண்டியது அந்த இடம்தான். கறுப்பு சார்ட் அட்டை ஒன்றை இரண்டு டியூபுக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்திவிட்டால் பக்கத்து வெளிச்சம் சேராது. எண்ணைக் குறித்துக்கொண்டு லைட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். அதே இடத்தில் பழைய டியூபை மாட்டி, அதே இருபது நிமிடம், அதே கோடு, அதே அட்டை.

புதியது 100 என்றால் பழையது எவ்வளவு? வெள்ளை டியூபுக்கு 75க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள் என்பேன். நீலத்தை 80க்கு இறங்கினாலே மாற்றிவிடலாம். காரணம், போனில் உள்ள உணரி மனிதக் கண்ணுக்கு ஏற்றது, பச்சையை நன்றாகப் பார்க்கும், நீலத்தை அரைகுறையாகத்தான் பார்க்கும். நீலம் தேய்ந்து மற்ற நிறம் நிற்கிற டியூபில் உண்மையான இழப்பு அது காட்டுவதைவிட அதிகமாக இருக்கும். புது டியூபின் எண்ணை ஒரு துண்டு டேப்பில் தேதியோடு எழுதி, லைட்டை மூடியிருக்கும் ஹூட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை ஒப்பிட டியூப் வாங்க வேண்டாம், எண் இருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. மார்கழியில் எடுத்த எண்ணையும் சித்திரையில் எடுத்த எண்ணையும் நேராக ஒப்பிடாதீர்கள். டி5 டியூப் தன்னைச் சுற்றியுள்ள காற்று 35 டிகிரி இருக்கும்போது அதிக வெளிச்சம் தரும்படி செய்யப்பட்டது. அதற்கு மேல் சூடு ஏற ஏற வெளிச்சம் இறங்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் வீட்டுக்குள்ளேயே 35ஐத் தொடும், மூடிய ஹூட்டுக்குள் கேட்க வேண்டாம். அந்தக் குறைச்சல் வயதால் வந்தது இல்லை, சூட்டால் வந்தது. ஹூட்டின் ஒரு பக்கம் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பொருத்தி, சூட்டை வெளியே இழுத்துவிட்டால் அன்றைக்கே திரும்பி வந்துவிடும். உங்கள் ஹூட்டில் ஃபேன் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லை என்றால் முதல் டியூபுக்கு முன்னால் ஃபேனை வாங்குங்கள். டியூபும் கூடுதல் நாள் உழைக்கும், தண்ணீரும் அவ்வளவு சூடாகாது.

மாற்றும் முறைக்கு வருவோம். அளப்பதற்காக வாங்கிய புது நீலம் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அதை மாட்டிய அன்றே நீல நேரத்தை 11இல் இருந்து 8 ஆக்கி, மூன்று நாளைக்கு அரை மணி வீதம் கூட்டுங்கள். அப்படிச் செய்தால் 100 மணி நேரம் சேர இரண்டு மூன்று நாள் கூடுதலாகும், பரவாயில்லை. இரண்டாவது நீலத்தை அதற்கு இரண்டு வாரம் கழித்து மாட்டுங்கள். வெள்ளையை இப்போதைக்கு விட்டுவிட்டு ஐந்தாறு மாதம் கழித்து அளந்து முடிவு செய்யலாம். அதன் பிறகு டியூப்கள் வேறு வேறு மாதத்தில்தான் வயதாகும். பவளத்துக்கும் அதிர்ச்சி இருக்காது, உங்கள் பணமும் ஒரே மாதத்தில் போகாது. வீட்டுக்காரரிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டினாலே போதும்.

ஒரேயடியாக நான்கையும் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மங்கலுக்குப் பழகி நிறமியைக் கூட்டி வைத்திருக்கும் பாசி மீது திடீரென்று முழு வெளிச்சம் விழுந்தால், அதற்குத் தாங்காத அளவு ஒளிச்சேர்க்கை நடந்து, பவளத்துக்கே கேடான ஆக்சிஜன் வகைகள் உண்டாகும். பவளம் பாசியை வெளியே துப்பிவிடும். வெளுத்துப் போவது என்பது அதுதான். பாசியை இழந்த பவளம் பட்டினி கிடக்கும். மங்கிய வெளிச்சத்தில் பல மாதம் சமாளிக்கிற பவளம், அதிக வெளிச்சத்தில் ஒரு வாரத்தில் போய்விடலாம். ஆகவே தாமதமாக மாற்றுவதைவிட அவசரமாக மாற்றுவதற்கே நான் அதிகம் பயப்படுவேன்.

மாற்றிய நாட்களில் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மஷ்ரூம் சுருங்கி ஓரம் மடிந்தால் வெளிச்சம் அதிகம். அதைக் கல்லோடு ஓரத்துக்கு, நிழலுக்குத் தள்ளுங்கள். ஜோவாந்தஸ் இரண்டு நாள் மூடினால் பொறுங்கள், ஒரு வாரம் மூடினால் நேரத்தைக் குறையுங்கள். லெதர் கோரல் மூடிக்கொண்டு, மேலே மெழுகு போல் பளபளவென்று ஒரு படலம் வந்தால் பயப்பட வேண்டாம். அது அவ்வப்போது தோல் உரிக்கும், உரித்ததும் விரியும். ஜோவாந்தஸ் இருக்கிற கல்லை நகர்த்தும்போது கட்டாயம் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. மருந்துக் கடைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அந்தக் கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த ஆவியை மூச்சில் இழுத்தாலே ஆபத்து.

கண்ணாடியில் படிகிற பச்சைப் பாசிக்கு வருகிறேன். பழைய டியூப் மஞ்சளாகி அதனால் பாசி வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். ஓரளவு உதவும்தான், ஆனால் சாப்பாடு இல்லாமல் வெறும் வெளிச்சத்தில் பாசி வளராது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் புது டியூபில் இன்னும் செழிப்பாக வளரும். இதைச் சொல்லாமல் டியூப் விற்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் வீட்டு ஆர்ஓ. குடிக்கிற ஆர்ஓவில் பெரும்பாலும் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரையே சுத்தத் தண்ணீரோடு கலந்துவிடும். சிலதில் மினரல் குடுவை வேறு. போர் தண்ணீரில் உள்ளது எல்லாம் அந்த வழியாகத் தொட்டிக்கு வரும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், நீங்கள் ஊற்றும் உப்புகளும் சத்துகளும் உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் ஒன்றை முக்கிப் பாருங்கள். தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீர் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எண்பது, நூறு என்று காட்டினால் பாசிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கலக்கும் குழாய்க்கு முன்பே தனியாக ஒரு இணைப்பு எடுத்து, அதில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ குடுவை மாட்டிக்கொடுக்க ஆர்ஓ சர்வீஸ் செய்பவராலேயே முடியும்.

அடுத்தது பூம்புகார். காவிரி கடலில் கலக்கிற இடத்தில் தண்ணீர் எடுக்கிறீர்கள். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வரை வந்து வடிகிற நாட்களிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும், வயல் வடிகால் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது. யூரியா போட்ட வயல் வடித்த தண்ணீர் அது. உப்பும் அப்போது குறைந்துவிடும். எடுக்கிற ஒவ்வொரு கேனையும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், அடர்த்தி 1.025, 1.026 இருக்க வேண்டும். மழை மாதங்களில் கடல் தண்ணீரை விட்டுவிட்டு, செயற்கைக் கடல் உப்பை டிஐ தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். மற்ற மாதங்களிலும் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போய் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். பாஸ்பேட், நைட்ரேட் டெஸ்ட் கிட் வாங்கி இரண்டையும் பாருங்கள். பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்கு மேல், நைட்ரேட் 10 பிபிஎம்முக்கு மேல் என்றால் பாசி எங்கிருந்து சாப்பிடுகிறது என்பது தெரிந்துவிடும்.

எல்இடி பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான்கு டியூபும் நீங்கள் சொன்ன நேரப்படி எரிந்தால் ஒரு நாளைக்கு 1.94 யூனிட், இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 117 யூனிட். எல்இடியில் ஏறக்குறைய பாதியில் முடியும். டியூப் கிடைப்பதும் இனி எளிதாக இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் பொது வெளிச்சத்துக்கான டி5, டி8 டியூபுகளை 2023இலேயே நிறுத்திவிட்டது. பாதரசத்துக்கான மினமாட்டா ஒப்பந்த நாடுகளும் சாதாரண டியூப்களை 2027க்குள் நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன, இந்தியாவும் அதில் ஒரு நாடு. ஆனாலும் இந்த மாதமே மாறச் சொல்லமாட்டேன். இப்போது இரண்டு நீலம் மாற்றுங்கள், தண்ணீரைச் சரிசெய்யுங்கள், வெள்ளை டியூப் இறங்கும்போது எல்இடிக்குப் போங்கள். தண்ணீரும் லைட்டும் ஒரே நேரத்தில் மாறினால், பவளம் வாடியது எதனால் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

போகும்போது மறக்காதீர்கள், எல்இடியின் வெளிச்சம் டியூபைப் போல் பரந்து விழாது, குவிந்து விழும். 30, 40 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து சதவீதம்தான் ஏற்ற வேண்டும். அதற்கும் வயது உண்டு. நல்ல எல்இடியில் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய 50,000 மணி நேரம் என்பார்கள், பத்து மணி வீதம் 13 ஆண்டுக்கு மேல். அந்தக் கணக்கு எல்லாம் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால்தான். உப்பும் தூசியும் அடைத்து ஃபேன் நின்றால் எல்இடி சூட்டில் சீக்கிரம் தேயும், அதற்குள் அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் பெட்டியும் போய்விடும். மாதம் ஒரு முறை ஃபேனைத் துடைக்கிற வேலை எந்த லைட்டிலும் உண்டு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் லைட்டை ஓட்ட வேண்டாம், பம்பை மட்டும் ஓட்டுங்கள். வெளிச்சம் இல்லாமல் பவளம் இரண்டு மூன்று நாள் கிடக்கும், அசையாத தண்ணீரில் கிடக்காது. கஜா புயலில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த நம் மாவட்டங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கல் பவளம் வேண்டவே வேண்டாம். வெளிச்சப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினை. கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் இருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்குபவரும் குற்றவாளிதான்.

கழற்றிய டியூபை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. புது டியூப் வந்த அட்டைக் குழாயிலேயே போட்டு வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். கை தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பதினைந்து நிமிடம் எல்லோரும் வெளியே இருங்கள். விளக்குமாறு போடாமல் அட்டையால் வழித்து, பொடியை டேப்பில் ஒற்றி எடுத்து, மூடி உள்ள பாட்டிலில் அடையுங்கள். அந்த நீல டியூபின் இரண்டு எண்களையும், டிடிஎஸ்ஸையும், பாஸ்பேட்டையும் குறித்து எழுதுங்கள். வெள்ளை எத்தனை மாதம் தாங்கும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை பாசி மருந்து என்று யார் எதைக் கொடுத்தாலும் தொட்டியில் ஊற்றாதீர்கள்.